அரியர்ஸ் பணமும் வருமான வரியும்: ஒரு சிறு வரலாறு



கல்லூரிப் பிள்ளைகளுக்கு 'அரியர்ஸ்' என்றால் இன்னும் தேறாத பாடம். அரசு ஊழியர் வீட்டில் அதற்கு வேறு பொருள். என்றோ வந்திருக்க வேண்டிய சம்பளமோ ஓய்வூதியமோ இன்று மொத்தமாக வருவதுதான் அது. அப்படி வரும் பணத்துக்கு எப்படி வரி போடுவது என்ற கேள்விக்கும் ஒரு வரலாறு உண்டு.

1857 கிளர்ச்சிக்குப் பின் காலியான கஜானாவை நிரப்ப, 1860இல் ஜேம்ஸ் வில்சன் இந்தியாவில் வருமான வரியைக் கொண்டுவந்தார். இந்த வரி ஆண்டுக் கணக்கில் போடப்படுவது. வருமானம் கூடக் கூட விகிதமும் படிப்படியாக உயரும். மூன்று ஆண்டுக் கூலி ஒரே ஆண்டில் கைக்கு வந்தால் மனிதர் மேல்படிக்குப் போய்விடுவார். தாமதம் செய்தவர் கொடுப்பவர். கூடுதல் வரி கட்டுபவர் வாங்குபவர். இது நியாயமா?

நியாயமில்லை என்பதை வெள்ளைக்காரன் காலத்துச் சட்டமே ஒப்புக்கொண்டது. 1922ஆம் ஆண்டுச் சட்டத்தின் 60(2) பிரிவு, நிலுவைச் சம்பளத்தால் வரி விகிதம் உயர்ந்தால் நிவாரணம் வழங்கலாம் என்றது. சுதந்திர இந்தியாவின் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 89ஆம் பிரிவாயிற்று. கணக்கிடும் முறையை விதி 21ஏ சொல்கிறது.

இதன் அருமை ஊதியக் குழுக்களின் காலத்தில் தெரிந்தது. மத்திய அரசின் 6ஆவது ஊதியக் குழு 1-1-2006 முதல் நடைமுறை என்றாலும், ஏற்கப்பட்டது 2008 ஆகஸ்டில்தான். நிலுவையில் 40 சதவீதம் 2008-09இலும் 60 சதவீதம் 2009-10இலும் கிடைத்தது. தமிழ்நாட்டில் 2009 ஜூனில் ஆணை வந்து, 1-1-2007 முதலான நிலுவை தவணைகளாக வந்தது.

ஒரு கணக்குப் போடுவோம். பழைய வரிமுறையில் இருக்கும் 65 வயது ஓய்வூதியர். 2023-24இல் அவருடைய வரிக்குரிய வருமானம் 4,80,000 ரூபாய். முந்தைய மூன்று ஆண்டுகளுக்கான நிலுவை 3,00,000 அதே ஆண்டில் வந்தது. மொத்தம் 7,80,000. வரி 66,000, 4 சதவீத செஸ் சேர்த்து 68,640.

அந்த மூன்று ஆண்டுகளிலும் அவருடைய வருமானம் தலா 3,60,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலுவையை ஆண்டுக்கு ஒரு லட்சமாகப் பிரித்துச் சேர்த்தால் 4,60,000தான். ஐந்து லட்சத்துக்குள் இருப்பதால் தள்ளுபடி போக வரி ஒன்றுமில்லை. ஆக, 68,640 ரூபாய் முழுவதும் நிவாரணம்!

ஆனால் இது தானாக வராது, நாம்தான் கேட்க வேண்டும். வருமான வரி இணையதளத்தில் படிவம் 10ஈ-யை முதலில் தாக்கல் செய்துவிட்டு, பிறகு ரிட்டர்னில் 89ஆம் பிரிவின் கீழ் நிவாரணத்தைக் காட்ட வேண்டும். படிவம் போடாமல் நிவாரணம் மட்டும் கேட்டால் அதை மறுத்து வரி கேட்டுத் தகவல் வரும். பழைய முறை, புதிய முறை இரண்டிலும் இந்த நிவாரணம் உண்டு.

குடும்ப ஓய்வூதிய நிலுவைக்கும் இது பொருந்தும் என்பது பலருக்குத் தெரியாது. கணவர் இறந்து, காகிதங்கள் நகர ஓரிரு ஆண்டாகி, ஒருநாள் மொத்தமாகப் பணம் வரும். கட்டிய வரியே முடிவு என்று அந்த அம்மாக்கள் இருந்துவிடுகிறார்கள். உங்கள் அம்மா, அத்தை, பெரியம்மா யாருக்காவது அப்படி வந்திருந்தால், எந்த ஆண்டுக்கு எவ்வளவு என்ற விவரத்தைக் கருவூலத்திலோ வங்கியிலோ எழுதி வாங்குங்கள். பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கொடுங்கள்.

1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 1-4-2026 முதல் 2025ஆம் ஆண்டுச் சட்டம். பிரிவு எண்கள் மாறினாலும் இந்த நிவாரணம் தொடர்கிறது. தாமதமாக வந்த கூலி, தாமதத்தால் பெரிய வருமானம் ஆகிவிடாது. நூறு ஆண்டாகச் சட்டத்தில் இருக்கும் நியாயம் இது, கேட்டு வாங்குங்கள்.

தெரிந்தவர்களுக்கும் சொல்லுங்கள்.