புலப் பண்புகளும் நில ஆவணங்களும்

தரவுத்தள அட்டவணையின் ஒவ்வொரு நெடுவரிசையும் புலம் எனப்படும். அதில் எவ்வகைத் தரவு இடம்பெறலாம், எவ்வளவு நீளம் இருக்கலாம், வெற்றாக விடலாமா என்பவற்றை முன்கூட்டியே வரையறுக்கும் விதிகள் புலப் பண்புகள் ஆகும். தமிழில் புலம் என்பது விளைநிலத்தையும் குறிக்கும். சர்வே எண்ணைப் புல எண் என்றும் சொல்வர். நிலப் பதிவேடுகள் கணினிக்கு மாறியபோது இவ்விரு புலங்களும் ஒன்றாயின.

வரலாறு

ரயத்துவாரி முறையில் அ-பதிவேடு, சிட்டா, அடங்கல் ஆகிய கிராமக் கணக்குகள் கட்டமிட்ட தாளில் பேணப்பட்டன. கட்டத்தில் அடங்காததைக் கணக்குப்பிள்ளை ஓரத்தில் எழுதிவிடலாம். கணினி அட்டவணையில் அவ்வாறான ஓரம் இல்லை. எட்கர் காட் 1970இல் உறவுநிலைத் தரவு மாதிரியை முன்வைத்தார். இந்தியாவில் நில ஆவணங்களைக் கணினிமயமாக்கும் மத்தியத் திட்டம் 1988-89இல் தொடங்கியது.

தரவு வகை

தென்காசி மாவட்டம் சிவகிரி வட்டத்திலுள்ள வாசுதேவநல்லூரின் நிலங்களுக்கு ஓர் அட்டவணை அமைப்பதாகக் கொள்வோம். புல எண் என்ற பெயரைக் கண்டு அதை எண் வகையாக அமைத்தால் 45/2அ போன்ற உட்பிரிவை ஏற்காது. அதைக் கொண்டு கூட்டல், பெருக்கல் செய்வதும் இல்லை. எனவே உட்பிரிவோடு சேர்த்து எழுதும்போது அது உரை வகையே.

பரப்பு இதற்கு மாறானது. அதைக் கூட்ட வேண்டும், தசமமும் வேண்டும். 3 சென்ட் வீட்டுமனை ஏறத்தாழ 1.21 ஏர். முழு எண் வகையில் அது 1 ஏர் ஆகிவிடும். சுமார் 21 சதுர மீட்டர், அதாவது அரை சென்ட், ஆவணத்தில் மறைந்துவிடும்.

புல நீளம்

வாசுதேவநல்லூர் என்ற பெயரில் எட்டு எழுத்துகள் உள்ளன. ஒருங்குறியில் அது 14 குறிகள். யுடிஎஃப்-8 முறையில் 42 பைட்டுகள். ஆங்கில எழுத்துகளை எண்ணி 30 பைட்டு ஒதுக்கினால் ஊர்ப்பெயர் பாதியில் அறுபடும். பட்டாதாரர் பெயருக்கும் இதுவே நேரும்.

இயல்பு மதிப்பும் வெற்று மதிப்பும்

நில வகைக்கு நன்செய், புன்செய், மானாவாரி, புறம்போக்கு என ஒரு பட்டியல் தந்தால் எழுத்துப்பிழை குறையும். ஆனால் புன்செய் என்பதை இயல்பு மதிப்பாக வைத்தால், நிரப்ப மறந்த வயல்களெல்லாம் புன்செய் ஆகிவிடும். தீர்வையில் சுழியம் என்றால் தீர்வை இல்லை. வெற்று என்றால் இன்னும் தெரியவில்லை. இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது.

முதன்மைச் சாவி

ஒரே புல எண் கிராமந்தோறும் வரும். ஆகவே கிராமக் குறியீடு, புல எண், உட்பிரிவு மூன்றும் சேர்ந்தே ஒரு நிலத்தைத் தனித்துக் காட்டும். மாவட்டப் பெயரை ஒவ்வொரு வரியிலும் எழுதாமல் தனி அட்டவணையில் வைப்பது நலம். 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து தென்காசி மாவட்டம் பிரிந்தது. இத்தகைய மாற்றத்தின்போது நிலத்தின் வரிகளைத் தொடாமல், கிராமம் எந்த மாவட்டத்தைச் சேர்ந்தது என்ற ஒரு பதிவை மாற்றினால் போதும்.

முக்கியத்துவம்

பட்டாவில் ஏறிய பிழையைத் திருத்த மனு, விசாரணை, வட்டாட்சியர் உத்தரவு எனப் பல படிகளைக் கடக்க வேண்டும். அட்டவணை வடிவமைக்கும்போதே புலப் பண்பைச் சரியாக அமைத்தால், அப்பிழைகளில் பல உழவரின் வாசலுக்கு வருமுன்பே தடுக்கப்படும்.