சூட்டில் நிற்கும் மரை

நீராவி எந்திரங்கள் பெருகிய 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இங்கிலாந்தில் ஒரு பட்டறையில் வெட்டிய போல்ட்டுக்கு மற்றொரு பட்டறையின் நட்டு பொருந்துவது அரிதாக இருந்தது. பல பட்டறைகளின் திருகாணிகளைத் திரட்டிச் சராசரி கண்ட ஜோசப் விட்வொர்த், மரையின் இரு பக்கங்களுக்கும் இடையே 55 பாகைக் கோணமும் உருண்ட முகடும் பள்ளமும் இருக்க வேண்டுமென்று 1841இல் முன்வைத்த முறையே நாட்டு வழக்காயிற்று. அந்த உருண்ட வடிவத்தை வெட்டுவதும் அளப்பதும் கடினம் என்று கருதிய அமெரிக்கரான வில்லியம் செல்லர்ஸ், 60 பாகைக் கோணமும் தட்டையான முகடும் கொண்ட மரையை 1864இல் பிலடெல்பியாவில் அறிவித்தார். பட்டறைக்காரரின் வாதம் என்ற அளவில் அது சரியே. ஆனால் பள்ளத்தின் கூரிய மூலையில் விரிசல் தொடங்க இடமுண்டு என்பதால், விட்வொர்த்தின் உருட்சியையும் குறையென்று தள்ளிவிட முடியாது. 1948இல் பிரிட்டன், அமெரிக்கா, கனடா ஆகிய மூன்றும் ஏற்ற ஒருங்கிணைந்த மரை, 60 பாகையை எடுத்துக்கொண்டதோடு, பள்ளம் உருண்டிருக்கவும் இடமளித்தது.

இம்முறைகளில் விட்டம் கூடக் கூட மரை பெருமரையாகும்: 1 அங்குல போல்ட்டில் அங்குலத்துக்கு 8 மரை என்றால், 2 அங்குலத்தில் நாலரைதான். உயரழுத்த நீராவிக் குழாய்களின் பிளேஞ்சுகளுக்கு இது ஒத்துவரவில்லை. ஆழமாக வெட்டிய மரை போல்ட்டின் நடுத்தண்டை மெலியச் செய்கிறது. ஆகவே 1 அங்குலத்துக்கு மேற்பட்ட எல்லா விட்டங்களுக்கும் 8 மரையே என்ற தனி வரிசை அமெரிக்காவில் உருவாயிற்று. 2 அங்குல போல்ட்டில் இழுவையைத் தாங்கும் பரப்பு இதனால் 2.50 சதுர அங்குலத்திலிருந்து 2.77 ஆகிறது. எனினும் இறுகப் பூட்டிய போல்ட் நெடுங்காலம் சூட்டில் கிடக்கும்போது அதன் மீள்நீட்சி சிறிது சிறிதாக நிரந்தர நீட்சியாக மாறி, பிடி தளர்ந்துவிடுகிறது. ஊர்தலால் நேரும் இத்தளர்ச்சியை மரையின் வடிவம் தடுக்காது என்பதால்தான் குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகு தேவைப்பட்டது.

மரையைத் தேர்வதில் இன்னொரு சிக்கல் பொருத்தத்தின் இறுக்கம். குளிர்ந்த நிலையில் பழுதறப் பொருந்தும் மரை, சூட்டில் செதிற்படலம் படர்ந்ததும் நட்டைக் கவ்விக்கொள்கிறது. பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். ஒருங்கிணைந்த முறையின் 2ஏ வகுப்பு, 1 அங்குல, 8 மரை போல்ட்டை அடிப்படை அளவைவிட 0.002 அங்குலமாவது சிறிதாக வைக்கச் சொல்கிறது. 3ஏ வகுப்பில் அவ்விடைவெளி இல்லை.

இந்நுண்ணளவை அறியும் வழி மூன்று கம்பி முறை. மரையின் தடிப்பும் பள்ளத்தின் அகலமும் சமமாகும் இடத்து விட்டமே இங்கு அளக்க வேண்டியது. 8 மரைக்கு ஏற்ற, சுமார் 1.83 மில்லிமீட்டர் தடிப்புள்ள மூன்று கம்பிகளுள் ஒன்றை ஒரு பக்கப் பள்ளத்திலும் இரண்டை எதிர்ப்பக்கப் பள்ளங்களிலும் வைத்து, அவற்றின் மேல் மைக்ரோமீட்டரைப் பூட்டிக் கணக்கிடுவர். ஆயினும் சூட்டில் உழைத்துக் கழன்ற போல்ட்டுக்கு முதற்சோதனை இதனினும் எளியது: பல் வெட்டிய பிட்ச் கேஜ் தகட்டை மரையின் நீளத்தில் பதித்து வெளிச்சத்தில் பிடித்தால், போல்ட் நீண்டிருக்கும்போது முதற்பற்கள் படிந்திருக்க, கடைசிப் பற்களின் அடியில் ஒளி கசியும்.