துனீசியா என்னும் நிஸ்பா: ஒரு கொக்கிப் பின்னலும் ஒரு தொப்பியும்

ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர்களின் பெயர்களை ஆய்வதற்கென்றே தனிப் பிரிவுகள் உண்டு. இமாம் இப்னுஸ் ஸலாஹ் (ரஹ், மறைவு ஹிஜ்ரி 643 / கி.பி. 1245) தமது ‘முகத்திமா’வில் அத்தகைய பிரிவுகளுள் ஒன்றை, வெளித்தோற்றத்துக்கு மாறான உட்பொருள் கொண்ட நிஸ்பாக்களுக்கு ஒதுக்கியுள்ளார். ஒருவரை ஊரோடோ குலத்தோடோ தொழிலோடோ இணைத்துச் சொல்லும் அடைமொழியே நிஸ்பா. காலித் அல்ஹத்தாஉ (ரஹ்) என்றால் ‘செருப்புத் தைக்கும் காலித்’ என்று பொருள். அவர் செருப்புத் தைத்தவரல்லர். அத்தொழிலாளரிடையே அமர்ந்து பழகியதால் அப்பெயர் ஒட்டிக்கொண்டது. அபூமஸ்ஊத் அல்பத்ரீ (ரலி) பத்ருப் போரில் கலந்துகொண்டவரல்லர், பத்ரில் குடியிருந்தவர் என்பது பெரும்பாலோரின் கருத்து. இமாம் புகாரீ (ரஹ்) இதில் மாறுபடுகிறார்கள்.

மனிதர்க்கு நேர்ந்த இது பொருள்களுக்கும் நேர்ந்திருக்கிறது. பெண்கள் கைவேலை நூல்களில் ‘துனீசியப் பின்னல்’ என்றொரு பின்னல் முறை விளக்கப்படுகிறது. பெயரைக் கண்டதும் நம்மவர் சிலர், “பாருங்கள், இதுவும் அரபுகளின் கொடை” என்று மகிழ்ந்து எழுதிவிடுகின்றனர். மகிழ்வதற்கு முன் சனதைப் பார்ப்பது நம் மரபு.

முதலில் அந்தப் பின்னல் யாதென அறிவோம். நாம் அறிந்த குரோஷா வேலையில் சிறிய கொக்கி ஊசியொன்றால் ஒரு கண்ணியை முடித்த பின்னரே அடுத்த கண்ணிக்குச் செல்வோம். துனீசியப் பின்னலிலோ ஊசி நீண்டது. நுனியில் கொக்கி, அடியில் கண்ணிகள் நழுவாதிருக்க ஒரு குமிழ். வலமிருந்து இடமாகச் செல்கையில் ஒரு வரிசையின் கண்ணிகள் அனைத்தும் ஊசியிலேயே சேர்ந்துகொண்டு வரும். துணியைத் திருப்பாமலே, இடமிருந்து வலமாக மீளும்போது அவை ஒவ்வொன்றாகக் கழற்றப்படும். இரு ஊசிப் பின்னலின் தன்மையும் குரோஷாவின் தன்மையும் ஒருங்கே அமைந்த முறை இது. விளையும் துணி கனமானது. ஓரங்கள் சுருளும் இயல்புடையது.

இம்முறையில் மேடுபள்ளத் தோற்றம் தரும் வகைகள் பல உள. அவற்றுள் எளியது தேன்கூட்டுப் பின்னல். முந்தைய வரிசையில் செங்குத்தாக நிற்கும் இழைக்குள் கொக்கியை நுழைத்து நூலை இழுத்தால் சாதாரணக் கண்ணி. நூலை முதலில் ஊசிக்கு முன்புறம் கொண்டுவந்துவிட்டு அவ்வாறே இழுத்தால், கண்ணியின் முன்னே குறுக்காக ஒரு சிறு புடைப்பு விழும். இவ்விரண்டையும் மாற்றி மாற்றிப் போட வேண்டும். அடுத்த வரிசையில் சாதாரணக் கண்ணியின் மேல் புடைப்புக் கண்ணியும், புடைப்பின் மேல் சாதாரணக் கண்ணியும் வர வேண்டும். நான்கைந்து வரிசைகள் ஏறியதும் தேனடை அறைகள் போன்ற குழிகள் தெரியத் தொடங்கும். கற்பவர்கள் தடுமாறுவது நூலை முன்னே கொண்டுவரும் அந்த ஓர் அசைவில்தான். ஒரு கண்ணி பிசகினாலும் கூடு கலைந்துவிடும்.

இனி பெயருக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பியக் கைவேலை ஏடுகளில் இப்பின்னல் பரவியபோது அதற்கு ஒரே பெயர் இருக்கவில்லை. ‘டிரிக்கோ’ என்றனர். விக்டோரியா அரசியாரின் மூத்த மகள் 1858ஆம் ஆண்டில் பிரஷ்ய இளவரசர் ஃபிரெடெரிக் வில்லியமை மணந்ததையொட்டி ‘இளவரசி ஃபிரெடெரிக் வில்லியம் பின்னல்’ என்றும் அழைத்தனர். ரயில்வே பின்னல் என்ற பெயரும் உண்டு. அமெரிக்கர் அதை ஆப்கான் பின்னல் என்றனர்; கம்பளிப் போர்வைக்கு அவர்கள் நாட்டில் ‘ஆப்கான்’ என்று பெயர். 1886இல் தெரேஸ் டி தில்மோன் வெளியிட்ட புகழ்பெற்ற கைவேலைக் களஞ்சியத்தில் ‘துனீசிய’ என்னும் அடைமொழியே இடம்பெற்றுள்ளது. ஆப்கானியரும் துனீசியரும் ஒரே பின்னலுக்கு உரிமையாளராக இருக்க முடியாது. இரயில்வேயைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. இவை யாவும் விற்பனைக்கும் வசீகரத்துக்கும் சூட்டப்பட்ட பெயர்கள். 1851ஆம் ஆண்டு லண்டன் மாபெரும் கண்காட்சிக்குத் துனீசிய ஆட்சியாளர் அஹ்மத் பே அனுப்பிய பொருள்கள் அங்கே பலரையும் கவர்ந்தன. அந்நகரின் பெயர் ஐரோப்பிய இல்லங்களில் நாகரிக மணம் வீசிய காலம் அது.

குரோஷா கலையே அரபு நாட்டில் பிறந்து வணிகப் பாதைகளில் மேற்கே சென்றது என்ற கருத்தும் உண்டு. டென்மார்க்கைச் சேர்ந்த ஆய்வாளர் லிஸ் பலூதான், தென்னமெரிக்கா, சீனம் ஆகியவற்றோடு சேர்த்து இதையும் சீர்தூக்கிப் பார்த்தார். 1800க்கு முன் ஐரோப்பாவில் குரோஷா இருந்ததற்கு நம்பத்தக்க சான்று அவருக்குக் கிட்டவில்லை. குரோஷா மாதிரிகள் அச்சில் வருவதே 1820களில், ‘பெனலோப்பே’ என்னும் டச்சு இதழில்தான். ஆகவே ‘துனீசிய’ என்பது அல்ஹத்தாஉ போன்றதோர் அடைமொழி. பழகியதால்கூட வந்ததன்று, கேள்விப்பட்டதால் வந்தது.

இவ்வாறு சொல்வதால் நமக்கு இழப்பு ஏதுமில்லை. உண்மையான உரிமை வேறிடத்தில் இருக்கிறது. கண்ணி கோத்துப் பின்னும் இரு ஊசிக் கலையின் மிகப் பழைய எச்சங்கள் இஸ்லாமிய எகிப்திலிருந்து கிடைத்தவையே. (அங்கே கிடைத்த அதனினும் பழைய கோப்துக் காலுறைகள் ஒற்றை ஊசியால் முடிச்சிட்டுச் செய்யப்பட்டவை, தோற்றத்தில் ஒத்திருந்தாலும் முறை வேறு.) வெள்ளைப் பருத்தியிலும் அவுரி நீலத்திலும் பின்னிய காலுறைத் துண்டுகள் அவை. சிலவற்றில் கூஃபி எழுத்தைப் போன்ற பட்டைகள் ஓடுகின்றன.

அடுத்த சான்று ஸ்பெயினிலுள்ள புர்கோஸ் நகரின் லாஸ் உவெல்காஸ் கன்னிமடத்தில் இருக்கிறது. 1275இல் இறந்த காஸ்தீல் இளவரசர் ஃபெர்னாந்தோ தெ லா செர்தாவின் கல்லறையிலிருந்து ஒரு பட்டுத் தலையணை உறை எடுக்கப்பட்டது. ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 20 கண்ணிகள் என்னும் நுட்பத்தில் பறவையும் பூவும் பின்னப்பட்டிருக்க, ஓரத்தில் கூஃபி எழுத்தில் ‘பரக்கத்’ என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. முஸ்லிம் கைவினைஞரின் வேலை இது என்பதே ஆய்வாளர் முடிவு. முஸ்லிம்களோடு போரிட்டு வந்த ஓர் அரச மரபின் பிள்ளை, அரபியில் எழுதிய துஆவின் மேல் தலைவைத்து அடக்கமாகியிருக்கிறார். கைவினைக்குப் போர்க்களத்தின் எல்லைகள் பொருட்டல்ல போலும்.

அந்த ஸ்பெயின் முஸ்லிம்களின் வழித்தோன்றல்களே துனீசியாவுக்கு அதன் சொந்தப் பின்னலைக் கொண்டுவந்தனர். 1609 முதல் 1614 வரை, ஞானஸ்நானம் திணிக்கப்பட்டு வாழ்ந்த மொரிஸ்கோக்களை ஸ்பெயின் நாடு கடத்தியது. துனிஸ் நகரை ஆண்ட உஸ்மான் தேய் அவர்களுக்கு இடமளித்தார். வந்தவர்கள் தஸ்தூர் போன்ற ஊர்களைக் கட்டி எழுப்பினர். ஷாஷிய்யா என்னும் சிவப்புக் கம்பளித் தொப்பித் தொழிலை அவர்கள் பெருந்தொழிலாக வளர்த்தனர். அத்தொழிலின் கலைச்சொற்களில் ஸ்பானிய மொழி இன்னும் ஒலிக்கிறது. துரத்திய நாட்டின் மொழியை வேலையின் மொழியாக வைத்துக்கொண்டார்கள்!

ஒரு ஷாஷிய்யா ஒரே இடத்தில் உருவாவதில்லை. துனிஸுக்கு அருகிலுள்ள அரியானாவில் பெண்கள் வீட்டிலிருந்தபடியே வெள்ளைக் கம்பளி நூலால் ஒரு பெரிய தொப்பியைப் பின்னுவர். அதற்கு ‘கப்பூஸ்’ என்று பெயர். தலைக்குச் சற்றும் பொருந்தாத அளவு. தபுர்பா அருகே மஜர்தா ஆற்றங்கரையிலுள்ள அல்பத்தானில் அதை வெந்நீரும் சவர்க்காரமும் இட்டு மிதித்துத் துவைப்பர். கம்பளி இறுகிச் சுருங்க, கண்ணிகள் ஒன்றோடொன்று கலந்து மறைந்துபோகும். பின்னர் ஒருவகை முட்செடியின் காய்ந்த தலையால் சீவி மென்மயிர் எழுப்புவர். ஸக்வான் ஊரின் நீரில் சாயமேற்றுவர். பழங்காலத்தில் அது ‘கிர்மிஸ்’ பூச்சியிலிருந்து எடுத்த செந்நிறம். கடைசியாக, ஸைத்தூனா பள்ளிவாசலுக்கு அண்மையிலுள்ள ஷவ்வாஷீன் கடைத்தெருவில் அச்சில் வைத்து வடிவமைப்பர். அங்கு வாங்கி அணிபவர், தாம் அணிந்திருப்பது பின்னல் என்பதையே அறியமாட்டார். இழைகளை ஒளித்துவிடுவதுதான் அக்கலையின் திறம். தேன்கூட்டுப் பின்னலுக்கு நேர் எதிரானது இது.

ஷாஷிய்யா வணிகர்களின் தலைவரே துனிஸ் வணிகர் அனைவருக்கும் அமீனாக விளங்கிய காலமும் இருந்தது. உஸ்மானிய ஆட்சிப் பரப்பெங்கும் அத்தொப்பி விலைபோயிற்று. சுல்தான் இரண்டாம் மஹ்மூத் 1829இல் அலுவலர்க்குத் தொப்பியை ஆடை விதியாக்கியபோது முதலில் துனிஸின் சரக்கையே நாடினர். பின்னர் இஸ்தான்பூலிலேயே ஆலை எழுந்தது. தொடர்ந்து ஐரோப்பிய ஆலைகளின் மலிவுச் சரக்கு சந்தையை நிரப்பியது. 1925இல் துருக்கி அத்தொப்பியைச் சட்டத்தால் தடைசெய்தது. நம் பாட்டன்மார் ‘துருக்கித் தொப்பி’ என்று அணிந்தது இக்குடும்பத்ததே. கொழும்பு உச்ச நீதிமன்றத்தில் 1905ஆம் ஆண்டு வழக்கறிஞர் எம்.சி. அப்துல் காதர் அதைக் கழற்ற மறுத்தார். இலங்கை முஸ்லிம்கள் திரண்டெழுந்து மறு ஆண்டில் அவ்வுரிமையைப் பெற்றனர்.

பெயர் விந்தை இங்கும் விடவில்லை. ‘ஷாஷிய்யா’ என்பதே ஒரு நிஸ்பாதான். ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் கஃப்பால் அஷ்ஷாஷீ (ரஹ்) பிறந்த ஷாஷ், அதாவது இன்றைய தாஷ்கந்து, அதன் மூலம் என்பர் அகராதியாளர். உஸ்மானியரோ அதே தொப்பியை மொரோக்கோவின் ஃபாஸ் நகரோடு இணைத்து ‘ஃபெஸ்’ என்றனர். துனிஸில் வளர்ந்த தொப்பிக்குத் தாஷ்கந்தின் பெயரும் ஃபாஸின் பெயரும் வாய்த்தன. துனிஸின் பெயரோ ஐரோப்பிய வரவேற்பறையின் ஒரு கொக்கி ஊசிக்குப் போய்ச் சேர்ந்தது.