லயமும் அதன் பொதுச்சுவரும்

ஹேவாஹெட்ட மலைச்சாரலிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்திலே, 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டமை யாவரும் அறிந்ததே. ஈழத்துத் தேயிலையின் வரலாறு, அதனை வளர்த்த தொழிலாளர் உறைந்த லயங்களின் வரலாறுமாகும்.

கோப்பிக் காலத்தில் மண்சுவரும் புற்கூரையுமாக எழுந்த இக்குடியிருப்புகள், காலப்போக்கிற் கற்சுவரும் தகரக்கூரையும் பெற்றன. சரிவை வெட்டிச் சமப்படுத்திய ஒடுங்கிய தளத்தில் நீண்டதொரு கட்டடம். அதனுள் ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடியான காம்பராக்கள். காம்பராவுக்கு ஒரு குடும்பம். இரட்டை லயத்திலோ காம்பராக்கள் முதுகொட்டி நின்றமையாற் பின்புறத்தே சாளரத்துக்கு இடமிருக்கவில்லை.

கட்டடக்கலை நோக்கில் இவ்வமைப்புச் சிக்கனமானதே. அடுத்தடுத்த இரு காம்பராக்களைப் பிரிக்கும் ஒரே குறுக்குச்சுவர் இருபுறத்துக் கூரையையும் தாங்கியது. ஆயின் அச்சிக்கனமே குடியிருந்தோரைப் பிணித்தது. ஒருவர் சுவரை இடிப்பின் அயலார் கூரை சரியும். ஒரு காம்பராவில் மூண்ட தீ கூரைமரங்கள் வழியே மற்றவற்றுக்கும் பரவும். கட்டடமோ தோட்டத்தின் உடைமை. ஆகவே, தலைமுறைகள் வாழ்ந்தும் தம் இல்லத்தைத் தாமே திருத்தியமைத்தல் அரிதாயிற்று.

மலைச்சரிவின் அபாயமும் உடனிருந்தது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை உயிர்களோடு புதைத்தது. அதன் பின்னர் இந்திய உதவியுடன் மலையகத்தில் ஏழு பேர்ச் காணியிலே தனிவீடுகள் எழலாயின.

பொதுச்சுவர் நீங்கித் தனிச்சுவர் எழுந்தமை நன்றே. எனினும் ஒரு வீட்டுக்கு இருவகை உறுதி வேண்டும்: ஒன்று அத்திவாரத்தின் உறுதி, மற்றையது காணியின் உறுதி. இரண்டும் கிட்டும்போதே லயத்தின் வரலாறு நிறைவுறும்.