காசநோயாளியின் வீடு

ஒரு நோய்க்கு மருந்து கண்டுபிடிக்கப்பட்ட ஆண்டை நாம் எளிதில் நினைவில் வைத்துக்கொள்கிறோம். அம்மருந்து ஏழையின் வீட்டு வாசலை எவ்வாறு வந்தடைந்தது என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. காசநோயைப் பொறுத்தவரை இந்த இரண்டாவது வரலாற்றின் முக்கியமான ஓர் அத்தியாயம் சென்னை நகரிலே, சேத்துப்பட்டிலே நிகழ்ந்தது. அதன் பயனை உலக நாடுகள் பலவும் பெற்றன. தமிழகத்துக்கு வெளியே மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் ஏனைய நகரங்களிலும் வாழும் நேயர்கள் பெருமையோடு கேட்கத்தக்க செய்தி இது. தங்கள் இல்லங்களில் பயன்படுத்திக்கொள்ளத்தக்க செய்தியும் ஆகும்.

நம் முன்னோர் இந்நோயை எலும்புருக்கி என்றனர். க்ஷயம் என்ற பெயரும் வழங்கிற்று. குடும்பத்தில் ஒருவருக்கு இந்நோய் கண்டதெனில் அக்குடும்பத்தில் பெண் எடுக்கவும் கொடுக்கவும் பிறர் தயங்கினர். இது பரம்பரையாக வரும் நோய் என்ற நம்பிக்கையே அதற்குக் காரணம். 1882-ஆம் ஆண்டு மார்ச் 24 அன்று பெர்லின் நகரில் ராபர்ட் கோக் என்னும் அறிஞர், இதனை உண்டாக்குவது ஒரு கிருமியே என்று நிறுவிக் காட்டினார். நோயின் காரணம் விளங்கிவிட்டது. ஆனால் கிருமியைக் கொல்லும் மருந்து கிடைக்க மேலும் அறுபது ஆண்டுகளுக்குமேல் ஆயின.

இடைப்பட்ட காலத்தில் வைத்தியர்கள் நம்பியிருந்தது நல்ல காற்று, நல்ல உணவு, பூரண ஓய்வு என்னும் மூன்றையே. இவற்றை அளிப்பதற்காக மலைச்சாரல்களிலும் ஊர்ப்புறங்களிலும் சானடோரியங்கள் எழுந்தன. நம் நாட்டில் ஆஜ்மீருக்கு அருகே திலோனியாவில் 1906-இல் ஒரு சானடோரியம் தோன்றிற்று. இமயச் சாரலில் அல்மோராவிலும் போவாலியிலும் பின்னர் தோன்றின. மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரம் 1915-இல் திறக்கப்பட்டது. தாம்பரத்தில் 1928-இல் டாக்டர் சௌரி முத்து ஒரு சானடோரியத்தை நிறுவினார். இவர் முன்னர் இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் இத்தகைய நிலையம் ஒன்றை நடத்தியவர். கணிதமேதை இராமானுஜன் அங்கே நோயுற்றபோது சில காலம் தங்கியது அவருடைய நிலையத்திலேதான். இராமானுஜனுக்கு இருந்தது காசநோய்தானா என்பதில் பிற்கால வைத்தியர்கள் கருத்து வேறுபட்டனர். எனினும் அந்நாளைய சிகிச்சை அவ்வாறே நடந்தது.

சானடோரியத்துக்குச் செல்லக் கூடியவர் யார்? பல மாதங்கள், சில வேளை பல ஆண்டுகள், குடும்பத்தை விட்டு அகன்றிருக்க வசதி உள்ளவரே செல்லலாம். கமலா நேரு போவாலியில் சிகிச்சை பெற்றார். பின்னர் ஐரோப்பாவுக்கு அழைத்துச் செல்லப்பட்டு 1936-இல் சுவிட்சர்லாந்தில் காலமானார். நாட்டின் முதன்மையான குடும்பம் ஒன்றின் நிலையே அதுவாயின், ஆலைத் தொழிலாளியின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை. 1946-இல் வெளிவந்த போர் கமிட்டியின் அறிக்கை ஒரு கணக்குக் கூறிற்று. அந்நாளைய இந்தியாவில் காசநோயாளிகள் சுமார் 25 லட்சம் பேர். ஆண்டுதோறும் இறப்பவர் சுமார் 5 லட்சம். அவர்களுக்கென இருந்த படுக்கைகளோ சுமார் 6,000 மட்டுமே. அதாவது 400 நோயாளிகளுக்கு ஒரு படுக்கை. எஞ்சியோர் வீட்டிலே இருமிக்கொண்டு, வேலைக்கும் சென்றுகொண்டு, முடிவை எதிர்நோக்கியிருந்தனர்.

இந்நிலையில்தான் மருந்துகள் வந்தன. 1940-களில் ஸ்ட்ரெப்டோமைசினும் பாஸ் என்னும் மருந்தும் வந்தன. 1952-இல் ஐசோநயாசிட் வந்தது. ஐசோநயாசிட் விலை மலிந்த சிறு மாத்திரை. ஒரே மருந்தைத் தனித்துக் கொடுத்தால் கிருமி அதற்கு வசப்படாமல் தப்பிவிடுகிறது. இரண்டைச் சேர்த்து நீண்டநாள் கொடுத்தால் அழிகிறது. இது தெளிந்தபின் ஒரு கேள்வி எழுந்தது. மருந்தை விழுங்குவதற்கு நோயாளி சானடோரியத்துக்குத்தான் போக வேண்டுமா? இருட்டறையில், நெரிசலில், அரைவயிற்றுக் கஞ்சியோடு வாழ்பவன் தன் வீட்டிலேயே மருந்துண்டு பிழைக்க முடியாதா?

இதற்கு விடை காணவே 1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் இம்முயற்சியில் சேர்ந்தன. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமை வகித்து நடத்தினார். நகரின் ஏழை மக்களிடையே நோய் முற்றியிருந்த 193 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். யார் வீட்டில் இருப்பது, யார் சானடோரியம் செல்வது என்பதை வைத்தியரும் தீர்மானிக்கவில்லை, நோயாளியும் தீர்மானிக்கவில்லை. சீட்டுக் குலுக்கல் போன்ற முறையே தீர்மானித்தது. வைத்தியர் தேர்ந்திருந்தால், தேறக்கூடியவரை அறியாமலே ஒரு பக்கம் சேர்த்துவிட்டிருக்கலாம். இருசாராருக்கும் அதே இரு மருந்துகள், அதே 12 மாதங்கள்.

சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஓய்வும் காற்றோட்டமும் சத்துள்ள உணவும் கிடைத்தன. வீட்டில் இருந்தவர்களுக்கு அவை கிடைக்கவில்லை. பலர் ஒரே அறையில் குடும்பத்தோடு படுத்தனர். சிலர் வேலைக்கும் சென்றனர். ஆயினும் அவர்களைக் கைவிட்டுவிடவில்லை. குறித்த நாளில் நிலையத்துக்கு வந்து மருந்து பெற்றுச் சென்றனர். சுகாதாரப் பெண் ஊழியர்கள் முன்னறிவிப்பின்றி வீடு சென்று மீதமிருந்த மாத்திரைகளை எண்ணினர். மருந்து உண்மையில் உட்கொள்ளப்பட்டதா என்று சிறுநீரைச் சோதித்தனர். குடும்பத்தாரோடு உட்கார்ந்து பேசினர்.

முடிவு 1959-இல் வெளியாயிற்று. ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் இருந்தோரில் 92 சதவீதத்தினருக்கும் வீட்டில் இருந்தோரில் 86 சதவீதத்தினருக்கும் நோய் அடங்கியிருந்தது. இவ்வளவு வேறுபட்ட இரு வாழ்க்கைகளுக்கு இடையே இத்துணைச் சிறிய வேறுபாடே இருக்கும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோதும் வீட்டுச் சிகிச்சை பின்தங்கவில்லை. இதனினும் வியப்பளித்தது மற்றொரு செய்தி. நோயாளியை வீட்டில் வைத்ததால் அவருடைய மனைவி மக்களுக்கு நோய் மிகுதியாகத் தொற்றிற்றா என்று ஆராய்ந்தனர், தொற்றவில்லை. காரணம் எளிது. உரிய மருந்து தொடங்கிய சில வாரங்களில் நோயாளி கிருமியைப் பரப்பும் ஆற்றல் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. வீட்டாருக்கு நேரும் ஆபத்தில் பெரும்பகுதி, நோய் இன்னதென்று அறியப்படுவதற்கு முந்திய நாட்களிலேயே நேர்ந்துவிடுகிறது.

இம்முடிவால் உலகின் பல பகுதிகளில் சானடோரியங்களின் அவசியம் குறைந்தது. செல்வ நாடுகளிலும் அவை ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஏழை நாடுகளுக்கோ, படுக்கைகள் கட்டி முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்ற நம்பிக்கை பிறந்தது. சம்பாதிக்கும் தகப்பன் வேலையை முற்றும் இழக்காமலும், தாய் கைக்குழந்தையைப் பிரியாமலும் பிழைக்க வழி ஏற்பட்டது. 1962-இல் நம் அரசாங்கம் தேசிய காசநோய்த் திட்டத்தை ஜில்லாதோறும் அமைக்க முற்பட்டபோது வீட்டுச் சிகிச்சையே அதன் அடிப்படை ஆயிற்று.

ஆனால் சென்னையில் வெற்றி கண்டது மாத்திரை மட்டுமன்று. மாத்திரையோடு வீடு தேடிச் சென்ற ஊழியரும் அவ்வெற்றியில் பங்குடையவர். மாத்திரையைப் பெருமளவில் செய்து நாடெங்கும் அனுப்புவது எளிது. கதவைத் தட்டி விசாரிக்கும் மனிதரை அவ்வாறு அனுப்புவது எளிதன்று. பின்னாட்களில் சிகிச்சையைத் தொடங்கியவருள் பலர் இடையில் நிறுத்தினர். 1992-இல் திட்டம் மறுபரிசீலனை செய்யப்பட்டபோது இக்குறை வெளிப்படையாகக் கூறப்பட்டது.

குறைக்குப் பொறுப்பாளி யார்? நோயாளியின் அறியாமை என்று சொல்லிவிடுவது வழக்கம். பெங்களூரில் தேசிய காசநோய் நிறுவனம் அமைந்த சில ஆண்டுகளில், அங்கே பணியாற்றிய பானர்ஜியும் ஆண்டர்சனும் தும்கூர் ஜில்லாவின் கிராமங்களில் நேரில் விசாரித்து இதனை ஆராய்ந்தனர். 1963-இல் வெளிவந்த அவர்களது ஆய்வு அவ்வழக்கமான கருத்தைத் தகர்த்தது. காசநோய் கண்டவருள் மிகப் பெரும்பாலோர் தமக்கு ஏதோ நோய் உண்டு என்பதை உணர்ந்திருந்தனர். ஏறத்தாழப் பாதிப்பேர் ஏற்கனவே ஏதேனும் ஒரு மருத்துவ நிலையத்தை நாடிச் சென்றுமிருந்தனர். அங்கே அவர்களது சளி சோதிக்கப்படவில்லை. இருமலுக்கு ஒரு புட்டி மருந்தைக் கொடுத்து அனுப்பிவிட்டனர். நோயாளி வந்தார், அவரை அடையாளம் காணத்தான் யாரும் இல்லை.

நாம் மொழிபெயர்ப்புத் தொழில் செய்கிறவர்களாதலின் சொற்களின்மீது கண் செல்வது இயல்பு. காசநோய்த் திட்டத்தின் ஆங்கிலக் குறிப்புகளில், மருந்தை இடையில் நிறுத்தியவரை நெடுங்காலம் ‘டிஃபால்ட்டர்’ என்றே எழுதி வந்தனர். வாங்கிய கடனைக் கட்டத் தவறியவருக்கும் அதே சொல்தான். பரிசோதனைக்கு வந்தவரை ‘சஸ்பெக்ட்’ என்றனர். போலீஸ் நிலையத்தில் குற்றம் செய்ததாக ஐயுறப்படுபவருக்கும் அதே சொல். இவற்றைத் தமிழில் பெயர்த்தால் ஒருவரைத் தவறியவர் என்றும் மற்றவரைச் சந்தேகத்துக்கு உரியவர் என்றும் எழுத நேரும். நோயுற்றதே குற்றம் என்பது போன்ற பொருள் அதில் ஒளிந்திருக்கிறது. 2013-இல் உலக சுகாதார ஸ்தாபனம் இவ்விரு சொற்களையும் நீக்கி, ‘தொடர்பு விட்டுப்போனவர்’, ‘காசநோய் இருக்கக்கூடியவர்’ என்னும் பொருள்படும் சொற்களை அமைத்தது. தொடர்பு விட்டுப்போனது என்றால், அதனைத் தேடிப் பிடிக்கும் பொறுப்பு இருபுறமும் உண்டு என்றாகிறது. சொல் மாறியது சிறிய காரியமன்று.

சென்னை ஆராய்ச்சியைப் பற்றி ஒரு தவறான முடிவுக்கும் இடமுண்டு. நல்ல உணவின்றியே நோயாளிகள் குணமடைந்தனரே, ஆகவே உணவு முக்கியமன்று என்று சிலர் எண்ணலாம். மருந்து ஒழுங்காக உட்கொண்டால் குறைந்த உணவோடும் கிருமி அழியும் என்பதே சென்னை காட்டியது. பசித்த உடலில் நோய் எளிதில் குடிபுகுவதைப் பற்றி அது தீர்ப்புக் கூறவில்லை. அறுபது ஆண்டுகளுக்குப் பின் அந்த வினாவுக்கும் விடை வந்தது. ஜார்க்கண்டின் நான்கு ஜில்லாக்களில் 2019-இல் ஓர் ஆராய்ச்சி தொடங்கிற்று. இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்னும் பெயருடன் விளங்கும் அதே சேத்துப்பட்டு நிலையமும் அதில் பங்கு கொண்டது. 2,800 நோயாளிகளும் அவர்தம் வீடுகளைச் சேர்ந்த 10,345 பேரும் அதில் இடம்பெற்றனர். நோயாளிகள் அனைவருக்கும் உணவுப் பொருள்கள் வழங்கப்பட்டன. ஒரு பகுதி வீடுகளில் ஏனையோருக்கும் மாதந்தோறும் ஆளுக்கு 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரைகளும் அளித்தனர்.

2023-இல் முடிவு வெளிவந்தது. வீட்டார்க்கும் உணவு அளிக்கப்பட்ட இல்லங்களில் புதிதாகக் காசநோய் தோன்றுவது 39 சதவீதம் குறைந்தது. பிறருக்குத் தொற்றக்கூடிய நுரையீரல் காசம் 48 சதவீதம் குறைந்தது. நோயாளிகளிடையேயும் முதல் இரண்டு மாதங்களில் எடை 5 சதவீதம் ஏறியவர்களுக்கு மரண அபாயம் ஏறாதவர்களைவிட 61 சதவீதம் குறைவாயிருந்தது. அரிசியும் பருப்பும் மருந்துக்கு நிகரான காவல் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட இயலாது. சென்னையும் ஜார்க்கண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. வந்த நோயை வீட்டிலேயே தீர்க்கலாம் என்றது முன்னது. அது அடுத்தவருக்கு வராமல் காக்க அவ்வீட்டின் அடுப்பையும் பார்க்க வேண்டும் என்றது பின்னது.

பிழைப்பை நாடி வெளிமாநிலம் வந்தவர்களுக்கு இவ்வரலாறு நெருக்கமானது. நெரிசலான குடியிருப்பு, நேரம் தவறிய உணவு, அடிக்கடி இடம் மாற்றம் ஆகியவை அவர்தம் வாழ்க்கையில் சாதாரணம். நோய் வெளியே தெரிந்தால் வேலை போய்விடும், வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வார் என்ற அச்சமும் உண்டு. பாஷை தெரியாத மருத்துவமனையில் தன் உபாதையைச் சொல்லத் தெரியாமல் இருமல் மருந்தோடு திரும்புகிறவரும் உண்டு. ஊருக்குப் புறப்படும் அவசரத்தில் மாத்திரையை மறப்பவரும் உண்டு. இவை யாவும் அறியாமையால் விளைவன அல்ல. வாழ்க்கையின் அமைப்பால் விளைவன.

ஆதலின் நேயர்கள் சிலவற்றை மனத்தில் கொள்வது நலம். இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால் சளியைச் சோதிக்கும்படி கேட்க வேண்டும். அரசாங்க நிலையங்களில் சோதனையும் மருந்தும் எந்த மாநிலத்தவருக்கும் இலவசம். சிகிச்சை தொடங்கும்போது நோயாளியின் பெயர் நிக்ஷய் என்னும் தேசியப் பதிவேட்டில் ஏறுகிறது. ஊர் மாறும்போது அந்த எண்ணைச் சொல்லிப் புதிய இடத்திலும் மருந்தைத் தொடரலாம். உணவுக்கென 2018 முதல் மாதம் 500 ரூபாய் வழங்கப்பட்டு வந்தது. 2024 நவம்பரில் அது 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இதைக் கேட்டுப் பெறுவதில் கூச்சம் வேண்டுவதில்லை.

அண்டை வீட்டில் ஒருவருக்கு இந்நோய் என்று தெரிந்தால் நாம் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. பாஷை தெரியாதவரோடு மருத்துவமனைக்கு ஒருமுறை துணை செல்லலாம். மருந்து தீரும் நாளை நினைவூட்டலாம். வீட்டில் சமைத்ததில் ஒரு பங்கை அனுப்பலாம். சேத்துப்பட்டுச் சந்துகளில் அன்று கதவைத் தட்டிச் சென்ற ஊழியர்கள் செய்ததும் பெரும்பாலும் இத்தகைய பணியே. அதற்கு வைத்தியப் பட்டம் தேவையில்லை.