மூன்று கோட்டுப் புடவை

தில்லியில் தமிழ்நாடு இல்லம் இருக்கும் தெருவுக்குக் கௌடில்ய மார்க் என்று பெயர். பொருள் சேர்ப்பதையும் காப்பதையும் பற்றி அர்த்தசாஸ்திரம் எழுதியவர் கௌடில்யர். அவருடைய இன்னொரு பெயரைப் பேட்டைக்கே சூட்டிவிட்டார்கள்: சாணக்யபுரி. 1950களில் வெளிநாட்டுத் தூதரகங்களுக்கென்று வகுத்த இடம். அகன்ற சாலைகள், உயரமான மதில்கள், நீல நம்பர் பலகை மாட்டிய கார்கள். போப்பாண்டவரின் தூதரகமும் இங்கேதான், நீதி மார்க்கில் இருக்கிறது.

காலை இட்லியை முடித்துக்கொண்டு இல்லத்திலிருந்து காலாற நடந்தால் சர்தார் படேல் மார்க் முனையில் பதினோரு சிலைகள் நிற்கின்றன. தண்டி யாத்திரை. கைத்தடியோடு முன்னே காந்தி, பின்னே பத்துப் பேர். வடித்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்தவர், மெரினாவின் உழைப்பாளர் சிலையைச் செய்தவரும் அவரே. அந்த முனையில் வந்து சேரும் வளைசாலை ஒரு காலத்தில் வில்லிங்டன் என்ற வைஸ்ராயின் பெயரில் இருந்தது. இப்போது அது மதர் தெரசா கிரசென்ட். அந்தப் பெயர்ப்பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவருடைய முகத்துக்கு முன்னால் புடவைதான் நினைவுக்கு வரும். வெள்ளை உடல், நீலக் கரை.

அந்தப் புடவை பிறந்தது 1948 ஆகஸ்டில், கல்கத்தாவில். ஸ்காப்யே நகரத்தில் பிறந்து, 1929 ஜனவரியில் கல்கத்தா வந்திறங்கி, லொரேட்டோ சபையின் கறுப்பு அங்கியில் ஏறத்தாழ இருபது ஆண்டு வாழ்ந்துவிட்டார் சிஸ்டர் தெரசா. என்டாலி புனித மரியாள் பள்ளியில் ஆசிரியை, பிறகு தலைமை. மதிலுக்குள் தோட்டம், ஒழுங்கு, வேளைக்குச் சோறு. 1946 செப்டம்பர் 10 அன்று டார்ஜிலிங் போகும் ரயிலில், எல்லாவற்றையும் விட்டு ஏழைகளோடு போய் இரு என்று தனக்குள் ஓர் அழைப்பு கேட்டதாக அவர் சொன்னார். ரோமிலிருந்து அனுமதி கைக்கு வந்து சேர இரண்டு வருடம் ஆயிற்று.

வெளியே போவதென்றால் எதை உடுத்துவது? கறுப்பு அங்கியோடு சேரிக்குள் நுழைந்தால் துரைசானி வந்திருக்கிறாள் என்றுதான் ஜனங்கள் ஒதுங்கி நிற்பார்கள். அவர் தேர்ந்தது கடைத்தெருவில் மலிவாகக் கிடைத்த முரட்டுப் பருத்திப் புடவை. நகரத்தைப் பெருக்குகிற பெண்கள் கட்டும் ரகம் என்று சொல்வார்கள். கரையில் மூன்று நீலக் கோடுகள். வெளிக்கோடு அகலம், மற்ற இரண்டும் ஒல்லி. நீலம் மரியன்னையின் நிறம் என்ற விளக்கம் கிறிஸ்தவர்களுக்கு இயல்பாகப் பொருந்திவிட்டது. விலையும் பொருந்தியது என்பது என் கட்சி. அவருடைய ஆன்ம குருவான வான் எக்ஸெம் பாதிரியார் அந்தப் புடவைகளை மந்திரித்துக் கொடுத்தார். இடது தோளில் ஒரு சிறு சிலுவை, அதைப் பிடிக்க ஒரு ஊக்கு. அவ்வளவுதான் நகை.

எண்ணிக்கைதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம். 1950 அக்டோபர் 7 அன்று அவருடைய சபைக்குத் திருச்சபையின் ஒப்புதல் கிடைத்தது. அதில் சேரும் சகோதரிக்கு மூன்று புடவை. ஒன்று உடுத்த, ஒன்று துவைக்க, ஒன்று கிழிசல் தைக்க. துவைக்க ஒரு வாளி. நான்காவது புடவைக்கு வேலை கிடையாது, ஆகவே அது கிடையாது. நம் வீட்டு அலமாரிகளைத் திறந்துவைத்துக்கொண்டு இந்தக் கணக்கை ஒரு தரம் போட்டுப் பார்க்கலாம்; நான் போட்டேன், பாதியில் நிறுத்திவிட்டேன்.

வேண்டாம் என்று சொல்லவேண்டிய சந்தர்ப்பங்கள் பின்னால் நிறைய வந்தன. 1964 டிசம்பரில் பம்பாய் நற்கருணை மாநாட்டுக்கு வந்த போப் ஆறாம் பவுல், தான் பவனி வந்த வெள்ளை லிங்கன் காரை அன்னைக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அன்னை அதில் ஏறி உட்காரவில்லை; பரிசுச் சீட்டுக்கு விட்டார். அந்தப் பணம் அசன்சோல் பக்கத்தில் தொழுநோயாளிகளுக்கான சாந்தி நகரில் கட்டடமாயிற்று. 1979இல் நோபல் பரிசுக்கு ஓஸ்லோ போனபோதும் அதே புடவைதான், குளிருக்கு மேலே ஒரு ஸ்வெட்டர். வழக்கமான விருந்தை ரத்துசெய்து அந்தச் செலவை ஏழைகளுக்குத் தரச் சொன்னார், தந்தார்கள். யார் யாரிடம் நன்கொடை வாங்கினார், நோயாளிகளுக்குப் போதிய மருத்துவம் தந்தாரா என்ற விமரிசனங்கள் உண்டு. அவை அலட்சியப்படுத்தக் கூடியவை அல்ல. ஆனால் தனக்கென்று வைத்துக்கொண்டார் என்று அவர் விரோதிகளும் அழுத்திச் சொன்னதில்லை.

இவ்வளவு மலிவான புடவைக்கும் கடைசியில் சொத்துரிமை தேவைப்பட்டது என்பதுதான் வேடிக்கை. அதே நீலக் கரையை அச்சிட்டு ஆளாளுக்கு வியாபாரம் தொடங்கியதும் சபை விண்ணப்பம் போட, அந்த மூன்று கோட்டுக் கரை இந்தியாவில் வணிகச் சின்னமாகப் பதிவானது. பதிவு நாள் 2016 செப்டம்பர் 4. வத்திக்கானில் அன்னைக்குப் புனிதர் பட்டம் கொடுத்த அதே ஞாயிற்றுக்கிழமை. துறவுக்குப் பட்டா வாங்குவதா என்று முதலில் எனக்கு முகம் சுளித்தது. வாங்காமல் விட்டிருந்தால் இந்நேரம் அது ஏதாவது பூட்டிக்கில் பத்தாயிரம் ரூபாய்க்குத் தொங்கியிருக்கும் என்று பிறகு தோன்றியது.

கௌடில்யர் சிரிப்பதற்கு இன்னொன்றும் இருக்கிறது. அரையாடைக் காந்தியின் அந்தப் பதினோரு சிலைகளைத்தான் பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டின் பின்பக்கம் அச்சிட்டிருந்தார்கள். புடவைக் கரை பதிவான இரண்டே மாதத்தில், நவம்பர் 8 இரவு, அந்த நோட்டு செல்லாது என்று அறிவித்தார்கள்.

புடவை இன்றும் செல்கிறது. கல்கத்தாவுக்கு வடக்கே டிட்டாகரில், ரயில் பாதையை ஒட்டி, அன்னையின் சபை நடத்தும் தொழுநோயாளர் இல்லம் ஒன்று இருக்கிறது. நோய் கண்டவர்களும் அதிலிருந்து மீண்டவர்களும் அங்கே தறியில் உட்கார்ந்து நெய்கிறார்கள். நெய்யும் கைகளில் விரல் மழுங்கியவையும் உண்டு. ஆண்டுக்குச் சுமார் 4,000 புடவைகள், உலகம் முழுவதும் இருக்கும் சகோதரிகளுக்கு அங்கிருந்துதான் போகின்றன. அந்த இல்லத்தின் பெயர் காந்திஜி பிரேம் நிவாஸ்.