ஊவாவின் மண்ணும் வண்டிச் சில்லும்



வாகனத்துக்கு எவ்வளவு பருமனான டயர் பூட்டவேண்டும் என்பதை விற்பனைக்கடைக்காரர் தீர்மானிப்பார் என்று பலர் எண்ணுவர். ஊவா மாகாணத்தின் போக்குவரத்து வரலாற்றை நோக்கின், அதனைத் தீர்மானித்து வந்தது மண்ணே என்பது புலனாகும்.

அப்புத்தளை கடல் மட்டத்திலிருந்து 4,600 அடிக்கு மேலே உள்ளது. அங்கிருந்து கொஸ்லந்தை வழியாக இறங்குவோர் அன்றைக்கே வெல்லவாயச் சமவெளியை அடைந்துவிடலாம். மேலே மழையில் குழையும் களிமண். இடையே கருங்கற் சரிவு. கீழே வெயிலில் பொடியும் மணற்றடம். ஒரே நாட் பயணத்தில் மூன்று வகை நிலம்.

வீதிகள் அமையுமுன் இம்மலைகளிற் சில்லுக்கே வேலை இருக்கவில்லை. உப்பும் அரிசியும் பொதிமாடுகளின் முதுகில் ஏறிவந்தன. பதுளையில் அரசாங்க அதிகாரியாக விளங்கிய மேஜர் ரொஜர்ஸ் வீதியமைப்பில் ஊக்கங் காட்டினார். யானை வேட்டையாற் பெயர்பெற்ற அவர், 1845 ஆம் ஆண்டு அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். அதே ஆண்டின் இறுதியிலேதான் ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த ரொபர்ட் தொம்சன் என்பார் காற்றடைத்த டயருக்கு உரிமம் பெற்றார். இரண்டுக்கும் தொடர்பு எதுவுமில்லை. ஊவாவின் பாதையும் காற்று டயரும் சந்திக்க நெடுங்காலம் செல்லவேண்டியிருந்தது.

கோப்பிக் காலத்தில் ஆட்சி செய்தது மாட்டுவண்டி. அதன் உயரமான சில்லு பள்ளங்களை எளிதிற் கடந்தது. ஆனால், ஒடுக்கமான இரும்புப் பட்டையோ நனைந்த வீதியை உழுது சேறாக்கியது. 1924 இல் புகையிரதம் பதுளையை எட்டியபின் நெடுந்தூரச் சுமை தண்டவாளத்துக்கு மாறியது. மலையிலிருந்து தொழிற்சாலைக்கும், அங்கிருந்து நிலையத்துக்கும் உள்ள தோட்டப் பாதைகள் பழைய நிலையிலேயே கிடந்தன. அப்பாதைகளை வெட்டியோர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர். அவர்கள் கூடை சுமந்து நடந்தனர்; வண்டி கிடைத்தது கொழுந்துக்கே!

இரண்டாம் உலகப் போரில் உழைத்த ஜீப்பும், 1948 இல் வெளிவந்த லாண்ட் ரோவரும் பாதையற்ற இடத்திலும் ஓடும் வாகனங்களாகப் புகழ்பெற்றன. இரண்டும் கொண்டிருந்தது 6.00-16 என்னும் டயர். முதலெண் டயரின் அகலத்தையும், அடுத்த எண் அது பொருந்தும் வளையத்தின் விட்டத்தையும் அங்குலத்திற் குறிப்பன. ஆறு அங்குலம் குறுகியதெனத் தோன்றலாம். ஆனால், அடியிற் கெட்டித் தரையுள்ள சேற்றில் அக்குறுகிய டயரே மேற்குழம்பை அறுத்துக்கொண்டு உறுதியான மண்ணைப் பற்றும்; அகன்றதோ குழம்பின்மேல் வழுக்கும். வடகீழ்ப் பருவமழையில் நனையும் தோட்டப் பாதைக்கு இதுவே ஏற்றது.

மணலில் நியாயம் தலைகீழாகும். அங்கே எவ்வளவு அறுத்தாலும் கெட்டித் தரை அகப்படாது. ஆதலால் 1940 முதல் லிபியப் பாலைவனத்தில் ஓடிய பிரித்தானியப் படைப்பிரிவொன்று தன் லொறிகளுக்கு 10.50-16 டயர்களைப் பூட்டி, காற்றையும் குறைத்து ஓட்டியது. வளையம் அதே பதினாறு அங்குலம். அகலமோ ஏறக்குறைய இருமடங்கு. டயர் தரையை அழுத்தும் அளவு பெரிதும் அதனுள் அடைத்த காற்றின் அமுக்கத்தையே ஒத்திருக்கும். சதுர அங்குலத்துக்கு 25 இறாத்தலிலிருந்து 15 ஆகக் குறைத்தால் டயர் தட்டையாகி, பாரம் பரந்து, வாகனம் மணலிற் புதையாது. கீழ் ஊவாவின் மணற்றடங்களிலும் இவ்வுபாயம் பயன்படும். கல்லுள்ள பாதைக்குத் திரும்புமுன் காற்றை நிரப்பிவிடவேண்டும். இன்றேல் தளர்ந்த பக்கச்சுவரைக் கல் கிழித்துவிடும்.

பெரிய டயரே சிறந்ததென்னும் எண்ணம் சாரதிகள் பலரிடம் உண்டு. 6.00-16 ஐ நீக்கி 7.00-16 பூட்டினால் அச்சு ஏறக்குறைய ஓர் அங்குலம் உயர்ந்து கல் தட்டாது, உண்மையே. ஆயினும் ஏற்றத்தில் இயந்திரம் திணறும். வேகமானி உண்மையினும் குறைத்துக் காட்டும். இறக்கத்திற் கியர் வாகனத்தைப் பிடித்து நிறுத்தும் வலிமையும் குன்றும். கொண்டையூசி வளைவுகள் நிறைந்த மலைச்சரிவில், பக்கத்தே பள்ளம் வாய்பிளந்து நிற்க, அக்குறைவு சிறிதன்று.

பறித்த கொழுந்து சாக்கில் அடைபட்டு நெடுநேரம் காத்திருந்தால் வெதும்பிச் சிவந்து, தேயிலையின் தரம் கெடும். சேற்றிற் புதைந்த லொறியால் நேரும் நட்டம் அத்துடன் நிற்பதில்லை. பதுளை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவேண்டிய பிரசவ வேதனைக்காரியும் பலவேளை அதே லொறியில், கொழுந்துச் சாக்குகளிடையே சாய்ந்திருந்தாள்.